கத்திரி வெயிலில் மாட்டிய மூடி

என் வீட்டுக்காரர் விமானம் கட்டுகிறார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. ஷிப்ட், ஓ.டி. எல்லாம் போக மிஞ்சுகிற ஞாயிற்றுக்கிழமையும் சேரப்பணஞ்சேரியில் வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகைக்குப் போய்விடும். குன்றத்தூர் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு கிளம்புவோம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம் அது. நான் சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன், கேட்டதை எடுத்துக் கொடுப்பேன், திட்டுவேன். ஏற மாட்டேன் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதே கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி நிற்கிறவள் நான்.

போன தை மாதம், பனி விலகாத ஒரு காலையில், தலைக்கு மேல் கவிழ்கிற மூடியை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கேனபி என்பார். பார்வைக்குக் கண்ணாடி, தொட்டால் அக்ரிலிக் பிளாஸ்டிக். சுற்றிலும் துளை போட்டு ஸ்குரூவால் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். கடைசித் துளைகளில் ஒன்றைப் போடும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடி நின்றது. அவர் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் நுனியில் ஒரு சின்னத் துளை போட்டு, ஒட்டி, தேய்த்து மெருகேற்றினார். நன்றாகத்தான் இருந்தது. விமானம் கட்டிய அனுபவமுள்ள அவருடைய சிநேகிதர் வந்து பார்த்து, இதுவே போதும் என்றார். ஆனால் இவர் மறு வாரமே புது மூடிக்கு ஆர்டர் போட்டுவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். “ஒட்டினதுக்கு இன்னா கொறச்சல்? அதான் அவரே போதும்னுட்டாரே!”

“எனக்குப் போதும்தான். ஆனா விரிசல் ஒன் பக்கத்துல கீது.”

“என் பக்கமா? நான் எப்ப ஏறப் போறேன்னு சொன்னேன்?”

“நீ சொல்லல. நான் ஒனக்கும் ஒரு சீட்டு போட்டுக்கினு இருக்கேன்ல” என்றார், கையிலிருந்த துணியை உதறிக்கொண்டே.

இந்த மனுஷனிடம் சண்டை போடுவதே வேஸ்ட். டிபன் பாக்ஸ்களைக் கழுவப் போய்விட்டேன்.

புது மூடி சித்திரையில் வந்தது. உடனே மாட்டுவார் என்று பார்த்தால், காத்திருந்தார். குளிரில் அக்ரிலிக் விறைத்துக்கொண்டு பட்டென்று விடுமாம். சூட்டில் கொஞ்சம் இளகிக் கொடுக்குமாம். குளிர் நாட்டுக்காரர்கள் இதற்காகக் கொட்டகைக்குள் ஹீட்டர் வைப்பார்களாம். நமக்குக் கத்திரி வெயில் இருக்கிறது என்றார், ஏதோ சொந்தத்தில் வாங்கிப் போட்டதுபோல. அதுவரை சும்மாவும் இருக்கவில்லை. டிரில் முனை அக்ரிலிக்கைக் கடிக்காமல் சுரண்டும்படி மழுக்கிக்கொண்டு, கழற்றிய பழைய மூடியில் துளை போட்டுப் போட்டுப் பழகினார். கடைசியில் அது இடியாப்பத் தட்டு மாதிரி ஆகிவிட்டது.

கத்திரி பிறந்த முதல் ஞாயிறு, உச்சி வெயிலில் வேலையைத் தொடங்கினார். கொட்டகையின் சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். பக்கத்திலேயே நிலம் வைத்திருக்கும் பெரியவர்.

“இன்னா சார், கத்திரில போயி வேலய ஆரம்பிக்கிறே? எங்க வூட்டுல ஒரு செங்கல்லுகூட எடுத்து வெக்க மாட்டோம்.”

“புதுசா ஆரம்பிக்கலண்ணே. போன வருஷமே தொடங்குன வேலதான். ரிப்பேர்.”

பெரியவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார். “ரிப்பேர்னா தப்பில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூடியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார், மறுபக்கத்தை நான். காற்று பட்டு ஓரிடம் மட்டும் குளிர்ந்துவிடக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்தியாயிற்று. தகரக் கூரையின் கீழ் மூன்று பேரும் வெந்துகொண்டிருந்தோம்.

டிரில்லின் அதிர்வு என் உள்ளங்கையில் தெரிந்தது. ஒவ்வொரு துளைக்கும் என் வீட்டுக்காரர் மூச்சை அடக்கினார்; நானும் அடக்கினேன். துளை முடியப் போகும் நேரத்தில் அழுத்தத்தை விட்டு, குழந்தையின் காதில் மருந்து விடுவதுபோல அவ்வளவு மெதுவாக முடித்தார். கையில் நடுக்கமே இல்லை. இத்தனை வருஷம் இந்தக் கையில்தான் காப்பி டம்ளரைக் கொடுத்திருக்கிறேன், ஆனால் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. அசந்துபோனேன். என் பக்கத்துத் துளைகள் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். ‘டிக்’ சத்தம் வரவே இல்லை. பெரியவர்தான் முதலில் சிரித்தார்.

ஸ்குரூக்களையெல்லாம் மாட்டி முடித்ததும், “தல இடிக்குதான்னு பாக்கணும். ஒரு நிமிஷம் ஒக்காரேன்” என்றார் என் வீட்டுக்காரர். தரையில்தானே நிற்கிறது என்று ஏறி உட்கார்ந்தேன். அவர் வெளியே நின்று மூடியைச் சாத்தி, உள்ளேயிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளைப் போட்டார். உள்ளே ஒரே புழுக்கம். எதிரே கொட்டகைக் கதவு, அதற்கப்பால் வெயில். அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் ஒரு கீறல் இல்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் வராத ஒருத்திக்காக இத்தனை மாதம் ஒரு மனுஷன் பாடுபட்டிருக்கிறாரே.

“மொதல்ல நீங்க தனியா போயிட்டு வாங்க” என்று உள்ளேயிருந்து கத்தினேன். “அடுத்த தபா நான் வரேன்.”

அவருக்குக் கேட்டுவிட்டது. தாழ்ப்பாளைத் திறக்க வந்த கை, அத்தனை துளைகளிலும் அசையாத அதே கை, இடம் தெரியாமல் தடுமாறியது. உள்ளேயிருந்து நானே திறந்தேன்.