வரப்பில் வைத்த நாற்று முடி

பனி கொட்டுகிற ஊர் ஒன்றில் பெண்ணுரிமை பேசுவது என் வேலை. மேடை, மைக், கைத்தட்டல் எல்லாம் உண்டு. சில நாள் பேச்சின் நடுவிலேயே, ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கிடக்கும் வெளி மெல்லத் தண்ணீர் கட்டிய வயலாக மாறிவிடும். வலங்கைமான் பக்கத்து எங்கள் வயல். சேற்று வாசனைகூட வரும். எதிரே இருப்பவர்கள் நான் உணர்ச்சிவசப்பட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

எங்கள் பக்கம் நடவு நாளில் ஒரு வழக்கம். வயலுக்கு உடையவர் வரப்பில் வந்தால், நடுகிற பெண்கள் ஒரு நாற்று முடியை, கைப்பிடி நாற்றுக் கட்டை, அவர் காலடியில் வைத்து மறிப்பார்கள். கையில் ஏதாவது கொடுத்தால்தான் தாண்டலாம். அப்பாவை மறித்தார்கள், பிறகு அண்ணனை. பின்னால் வரும் அண்ணியையும் என்னையும் பார்த்து, "நீங்க போங்கக்கா" என்று வழிவிடுவார்கள். அதை மரியாதை என்று நினைத்து எத்தனை வருடம் அசடு வழிந்திருக்கிறேன்!

அண்ணன் மஸ்கட்டில். ஆள் சொல்வது, மடை பார்ப்பது, உரக்கடையில் மல்லுக்கட்டுவது எல்லாம் அண்ணிதான். நடவுக்கு லீவில் வந்து வெள்ளை வேட்டியில் நிற்பது மட்டும் அண்ணன்.

அப்பா போன பிறகு அண்ணன் போனில் சொன்னார்: "ஒன் பங்க விட்டுக்குடுத்து ஒரு கையெழுத்து போட்டுடு. எல்லா வீட்டுலயும் பொண்ணுங்க செய்யறதுதானே?"

"போடறேண்ணே. ஆனா அண்ணி பேருக்குத்தான்."

போனை வைத்துவிட்டார். ஊரார் வீட்டுப் பெண்களுக்காக அசராமல் பேசிய எனக்குத் திரும்பக் கூப்பிடத் துணிவில்லை. அண்ணன் இனி பேசவே மாட்டாரோ, பிறந்த வீடு இத்தோடு போச்சோ என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே அண்ணி பேருக்கு எழுதிக்கொடுத்தேன்.

இந்தச் சம்பா நடவுக்குப் போனேன். விமானத் தூக்கம் கலையாத என் கண்ணுக்கு வானம் கீழே கிடந்தது, பெண்கள் மேகத்தில் நட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் அண்ணன், நடுவில் டீத் தூக்கோடு அண்ணி, கடைசியில் நான். வந்ததிலிருந்து அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

என் பங்காக இருந்த வயல் வந்தது. ஒருத்தி நாற்று முடியோடு வரப்பேறினாள். அண்ணன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே" என்றவள், முடியை அண்ணி காலடியில் வைத்தாள். "குடுத்துட்டுத் தாண்டுங்கக்கா."

"என்னையாடி?" அண்ணி அப்படியே நின்றுவிட்டார். கையில் தூக்கைத் தவிர ஒன்றுமில்லை.

அண்ணன் ஒரு நோட்டை நீட்டினார். "இந்தா, குடு."

"வேணாங்க. இது நாந்தான் குடுக்கணும்." தூக்கை அண்ணன் கையில் திணித்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடினார் அண்ணி. அப்படி ஓடி நான் பார்த்ததேயில்லை.

தூக்கோடு நின்றார் அண்ணன்.

"அண்ணே, டீ ஆறுது" என்றாள் ஒருத்தி.

வெள்ளை வேட்டியோடு வரப்பில் குந்தி, டீ ஊற்ற ஆரம்பித்தார். முதல் டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"சக்கர கம்மிதான். குடி."