மாப்பிள்ளைப் பூனையின் தட்டு

எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் அறிந்தது பூனைதான். எனக்குத் தெரியவில்லை. இரத்மலானையில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கும் தெரியவில்லை. பூனைக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதற்கு வாய் இருந்திருந்தால் சொல்லியிருக்குமே என்று கொஞ்ச நாள் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

அது வந்தது கொரோனா ஊரடங்கு காலத்தில். கொட்டாஞ்சேனை முழுக்க அவரவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. நான் நாற்பது வருஷத்துக்கு மேல் மூட்டை தூக்கிய புறக்கோட்டை வெங்காயக் கடைகள் எல்லாம் பூட்டு. முகத்துவாரத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரின் "மாலு, மாலு" சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் கூரையிலிருந்து ஒரு சாம்பல் பூனை இறங்கி, எங்கள் குசினி வாசலில் வந்து உட்கார்ந்தது. விலா எலும்பை எண்ணலாம். என் மனைவிக்குப் பூனை என்றாலே ஆகாது. இருந்தும், விளிம்பு உதிர்ந்த ஒரு இனாமல் தட்டைத் தேடி எடுத்து, பருப்புச் சோறு பிசைந்து வைத்தாள். மீன் இல்லாத சோற்றைத் தின்ற பூனையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்கு அவள் மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். "வேலைக்குப் போறதில்ல. நேரத்துக்குத் திங்கிறான். தின்ன ஒடனே படுக்குறான். மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?" என்றாள். அப்போது மருமகனுக்கு வேலை போயிருந்தது. போனில் கேட்டுக்கொண்டிருந்த மகள் சிரிக்கவில்லை.

பூனை வீட்டைப் பார்த்த விதம் வேறு. நாம் ஆளின் முகத்தைப் பார்ப்போம். அது சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு கால்களைப் பார்க்கும். என் கால், மூட்டை தூக்கித் தூக்கி அகன்ற கால். அது வந்தால் பூனை கண்ணைக்கூடத் திறக்காது. அவள் கால் மெட்டி போட்ட சின்னக் கால். அது நடக்கிற நடையிலேயே குழாயடிக்குப் போகிறாளா, அடுப்புக்குப் போகிறாளா, மீன்காரரிடம் போகிறாளா என்று பூனைக்குத் தெரியும். மீன்காரர் என்றால் அவள் குதிகால் தரையில் படாது. பூனை எழுந்து சோம்பல் முறித்து, அவளுக்கு முன்னால் வாசலில் நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான காலத்தில் இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. நான் பிறகு, மூட்டையில் அச்சடித்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வாசிக்கப் பழகினேன். அவள் பழகவில்லை. அவளும் அப்போது ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனாள். அவள் வரும்போது நான் இருக்க மாட்டேன், நான் வரும்போது அவள் இருக்க மாட்டாள். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். சாப்பிட்டவர் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் இன்னும் சாப்பிடவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களிலும் நான் முதலில் பார்ப்பது அவள் தட்டைத்தான். கவிழ்ந்திருந்தால் எனக்கு நிம்மதி. நிமிர்ந்திருந்தால் என் கோபம் அதோடு போய்விடும். பூனை வந்த பிறகு அதன் தட்டுக்கும் அதே சட்டம். தின்று முடிந்ததும் கழுவித் தரையில் கவிழ்த்து வைப்பாள்.

ஊரடங்கு முடிந்ததும் நான் திரும்பவும் கடைக்குப் போனேன். தூக்குகிற வயது போய்விட்டது. வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவேன். அவள் வாசலில் நிற்பாள்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு பூனை பருக்கத் தொடங்கியது. முதலில் கழுத்து காணாமல் போனது. அடுத்து வயிறு தரையைத் தொட்டது. கூரைக்குத் தாவப் போய் சுவரில் மோதி விழுந்தது.

மீன்காரர் தராசை வைத்துவிட்டு அதைப் பார்த்தார். "அக்கா, ஒங்க பூனை மாசமா இருக்கு போல. எத்தினி குட்டியோ!"

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர். "உமக்குக் கண் தெரியேல்லையோ? அது கடுவன் பூனை. கடுவன் எப்பிடிப் பிள்ளைத்தாச்சியாகும்?"

"அப்ப மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிருச்சு," என்றாள் என் மனைவி. மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பூனை மூச்சு வாங்கத் தொடங்கியபோது சிரிப்பு நின்றது. அதை வெங்காயச் சாக்கில் போட்டு, த்ரீவீலில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பாடு என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு தரம் என்றேன்.

"பொரு கியன்ன எப்பா, சீயா," என்றார். பொய் சொல்லாதீர்கள் தாத்தா என்று. "இது நாலு பூனையின் சாப்பாட்டைச் சாப்பிடுகிற பூனை."

வாழ்க்கையில் என்னைக் கள்ளன் என்றவர்கள் உண்டு. பொய்க்காரன் என்று ஒருவரும் சொன்னதில்லை. வருகிற வழியெல்லாம் யோசித்து, பக்கத்து வீட்டு அக்காதான் கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். த்ரீவீலை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக அவர் வாசலில் நின்று சத்தம் போட்டேன். "நீங்க போட்டுப் போட்டுத்தான் என் பூனை சாகப் போகுது. ஒங்களுக்குப் பூனை வேணும்னா ஒண்ணு வளத்துக்கங்க!"

அவர் வெளியே வந்தார். என் முகத்தையும், எனக்குப் பின்னால் வந்து நின்ற என் மனைவியின் முகத்தையும் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. முதுகு வலி என்று சொல்லி, முன் அறையில் மேசைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். அக்காவைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பூனை எனக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தது. அதன் கண்ணுக்குத் தெரிகிற உயரம்தான் என் கண்ணுக்கும் தெரிந்தது. அதாவது குசினித் தரை, அடுப்படியில் நிற்கிற அவள் கால்கள், தட்டு.

பத்து மணிக்கு மீன் வந்தது. அவள் சாளை மீனை வெட்டி, தலைகளைச் சோற்றோடு பிசைந்து வைத்தாள். பூனை தின்றது. தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கால்கள் குசினிக்குள் திரும்ப வந்தன. நடுவில் நின்றன. அடுப்புப் பக்கம் திரும்பின. பிறகு வாசல் பக்கம். எங்கேயும் போகவில்லை. தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கின ஆளின் கால் நிற்குமே, அப்படி நின்றன. நாற்பத்தேழு வருஷம் அவள் முகத்தைப் பார்த்த எனக்கு, அந்தக் கால்கள் இப்படி நிற்பது தெரியவில்லை. பூனை அதைத் தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

பிறகு அவள் குனிந்து தட்டை நிமிர்த்தினாள். "பாவம், காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படலயே," என்று சொல்லிச் சோறு வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு முன்னால் இன்னொரு தரம். அதே குனிவு, அதே சொல். ஒரு எழுத்து மாறவில்லை. மூன்றாவது தரம் பூனை உடனே தின்னவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அப்புறம் அவள் காலைப் பார்த்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு தின்னத் தொடங்கியது.

"இப்பத்தானே குடுத்த?" என்றேன்.

"நானா? எப்ப?"

"ரெண்டு தரம் குடுத்தாச்சு."

அவள் சிரித்தாள். "படுத்துக்கிட்டுக் கனவு காணுறீங்களா? வயசாச்சுன்னா இப்பிடித்தான். நாளைக்கு என்னையே யாருன்னு கேப்பீங்க."

சாயந்தரம் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க. நீங்க இல்ல. அவதான்."

"தெரியும் அண்ணை."

"எவ்வளவு நாளா?"

"போன வருசம் தொடங்கினது. ஒரு நாள் காலமை மூண்டு தரம் வந்து தேங்காய் துருவுற கட்டையைக் கேட்டவா. மூண்டு தரமும் குடுத்தனான். முதல் குடுத்தது அவவின்ர குசினியிலதான் கிடந்தது. ஒவ்வொரு தரமும் நான் பின்பக்கத்தால போய் அதையே எடுத்துவந்து திரும்பக் குடுத்தனான்." கதிரையை என் பக்கம் இழுத்துவிட்டார். "சொன்னா நீங்கள் கோவிப்பியள் எண்டு நினைச்சன். நேற்றுச் சொல்லியிருக்கலாம். அவ பின்னால நிண்டவா, அதால சொல்லேல்லை."

அவளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மறதி வருத்தம் என்றார்கள். குளிசை கொஞ்சம் பிடித்து நிறுத்தும், போனது திரும்பி வராது என்றார்கள். மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. போனில் தாய்க்காரி அவ்வளவு நன்றாகக் கதைப்பாள். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லப்பா, ஒங்களுக்குத்தான் பயம்," என்றாள் மகள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, குழாயடியில் போய் நின்று அழுதாள்.

நான் வேலையை விட்டேன். சோற்றுப் பானை என் கைக்கு வந்தது. பூனைக்கு ஒரு நேரம் மட்டும் நானே வைத்தேன். அது இளைத்துப் பழையபடி கூரை ஏறியது. அது நல்லது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த இளைப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அவள் அதற்குச் சோறு வைக்க வருவதே நின்றுபோயிருந்தது. ஒரு நாள் அதைப் பார்த்து, "யாரு வீட்டுப் பூனை இது? சூ!" என்று விளக்குமாற்றை எடுத்தாள். பூனை ஓடவில்லை. தன்னை இல்லை என்பதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தது. அடி விழுந்த பிறகுதான் மதில் மேல் ஏறியது. அவள் தூங்கிய பிறகு இறங்கி வந்து, மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

அன்றைக்கு எனக்கு விளங்கியது. அடுத்தது நான். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன், இன்னும் இருக்கிறேனா என்று.

போன மழைக்காலத்தில் ஒரு நாள். பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் சாப்பிட்டோம். இரண்டு தட்டையும் கவிழ்த்து வைத்தேன். அக்காவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு, குளிசை வாங்கப் பாமசிக்குப் போய் வந்தேன். அக்கா அப்போதுதான் மழைக்கு உடுப்பு எடுக்கத் தன் வீட்டுப் பக்கம் போயிருந்தார். அவள் வாசலில் நின்றாள்.

"யாரு வேணுங்க?"

என் கையிலிருந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் குடையை மடக்கினேன்.

"அவரு கடைக்குப் போயிருக்காரு. மூணு மணிக்கு வந்துருவாரு. மழையில நிக்காதீங்க, உள்ள வாங்க."

உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம், காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல போல," என்றாள்.

தட்டு எடுக்கப் போனாள். நான் எழுந்து என் தட்டைக் காட்டினேன். "அது அவரு தட்டு. அவருக்கு இருக்கட்டும்," என்று சொல்லி, அதை நிமிர்த்தி வைத்தாள். பிறகு குசினித் தரையில் கவிழ்ந்திருந்த இனாமல் தட்டை எடுத்தாள். இரண்டு தரம் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். இரவுக்கென்று வைத்திருந்த சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி, முள் பார்த்துச் சாப்பிடச் சொன்னாள்.

பூனை மேசைக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தது. தன் தட்டை அதற்குத் தெரியும்.

எனக்கு வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன். அவள் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் போட்டாள், அதையும் சாப்பிட்டேன். வயிறு முட்ட முட்ட அந்தப் பூனை ஏன் தின்றது என்று எனக்குத் தெரிந்துபோனது.

தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். "நல்ல பழக்கம். எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான் கவுத்து வைப்பாரு."

"அப்பிடியா," என்றேன்.

சுவர் மணிக்கூடு மூன்று அடித்தது. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனாள். பூனை என் காலடியில் வந்து உட்கார்ந்தது. அவள் கடைப் பக்கமிருந்து வரும் ஒழுங்கைப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் குதிகால் தரையில் படவில்லை.