பச்சைக் காரின் இடது பெண்டர்

1. டேங்க் மூடி மட்டும்

என் கொழுந்தனாரைக் கார் அடித்துப் போட்டுவிட்டுப் போன அதே வாரம், ஒருவர் பச்சை நிற பெட்ரோல் டேங்க் மூடியைப் பேப்பரில் சுற்றி எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார்.

புதுக்கோட்டையில் கார் பெயிண்ட் விற்கிற கடையில் எனக்கு வேலை. கல்யாணமாகி கீரனூருக்கு வந்த புதிதில் பில் போடச் சேர்ந்தேன். இப்போது ஷேடு பார்ப்பதும் கலர் மிக்ஸ் பண்ணுவதும் என் பொறுப்பு. பழைய வண்டிக்குக் கலர் கேட்டு வருகிறவர்கள் டேங்க் மூடியைக் கழற்றிக் கொண்டுவருவது வழக்கம்தான். அதில் தப்பில்லை. ஆனால் இவர் மூடியைக் கௌண்டரில் வைத்துவிட்டு, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"எந்த எடத்துக்குங்க சார்?" என்றேன்.

"இடது பக்கம் முன் பெண்டர், வீலுக்கு மேல வர்ற தகடு. துரு புடிச்சிருச்சு. வீட்லயே செய்யலாம்னு பாக்குறேன்."

கம்பி பிரஷ், எமரி ஷீட், துருவைக் கொல்லுகிற கெமிக்கல், பிரைமர், பள்ளத்தை அடைக்கிற பட்டி என்று வரிசையாகக் கேட்டார். விவரம் தெரிந்த ஆள்தான். கடைசியில் ஒன்று சொன்னார்: "புதுசா அடிச்சதே தெரியக் கூடாதுங்க."

"அப்ப வண்டியக் கொண்டாங்க சார். பழைய மெட்டாலிக் கலரு, வெயில்ல வெளுத்திருக்கும். வண்டிய வெச்சுப் பாத்தாத்தான் மேட்ச் ஆகும்."

"வண்டி இங்கிட்டு வராதுங்க."

"ஓடலையா?"

"ஓடும்." கொஞ்சம் யோசித்தார். "அன்னவாசல்லேர்ந்து இம்புட்டுத் தூரம் எதுக்குன்னுதான்."

ஓடுகிற வண்டி அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்கு வராதாம். எனக்குச் சூசை ஞாபகம்தான் வந்தது.

சூசை என் கணவரின் தம்பி. விடியற்காலையில் அன்னவாசல் ரோட்டில் பைக்கில் கேன் கட்டி சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவனைப் பின்னாலிருந்து ஒரு வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அடித்தது பச்சை நிறப் பழைய கார் என்று அன்றைக்குக் காலையிலேயே எல்லார் போனுக்கும் மெசேஜ் வந்துவிட்டது. ரோட்டின் இடது ஓரமாகப் போகிற பைக்கைப் பின்னாலிருந்து தட்டினால் காரின் எந்தப் பக்கம் அடிபடும்? இடது பக்கம், முன் பெண்டர்.

கலரில் கலக்குகிற டின்டர் ஒன்று ஸ்டாக் இல்லை, இரண்டு நாள் ஆகும் என்று பொய் சொன்னேன். மூடியை வாங்கி வைத்துக்கொண்டேன். பேரும் போன் நம்பரும் கேட்டேன். "நானே வந்து வாங்கிக்கிறேங்க" என்று மற்ற சாமான்களோடு போய்விட்டார்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம வேலை பெயிண்ட் விக்கிறது, மேரி. வாங்குறவன் எதுக்கு வாங்குறான்னு கேக்க ஆரம்பிச்சா கடைய மூட வேண்டியதுதான்."

அன்று சாயங்காலம் அன்னவாசல் மெக்கானிக் ஒருவர் தின்னர் வாங்க வந்தார். பச்சை நிறத்தில் பழைய கார் அங்கே யாரிடம் இருக்கிறது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"செல்வராசு சாருதான். ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட். ஏன்க்கா கேக்குறீங்க? கொஞ்ச நாளா அந்த வண்டி வெளியவே வரலையே."

2. தார்ப்பாய்க்குப் பின்னால்

என் கணவர் அந்தோணி கோபக்காரர். விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரும்பாடு பட்டு நிறுத்தினேன். "நான் மொதல்ல போயி வண்டியப் பாக்குறேன். அடிபட்ட தகடு எது, துரு புடிச்ச தகடு எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. நான் போன் பண்ணாம வரக் கூடாது" என்று சத்தியம் வாங்கினேன். இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டுதான் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சித்தன்னவாசல் பார்க்கப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பையில் டேங்க் மூடியும், நான் மிக்ஸ் பண்ணி அட்டையில் அடித்த சாம்பிளும் இருந்தன. போகிற வழியெல்லாம் அந்த மனுசன் வாசலைத் திரும்பிப் பார்த்ததுதான் கண்ணுக்குள் நின்றது.

அன்னவாசலில் விசாரித்துச் செல்வராசு வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. பெயிண்ட் கடை என்றதும் முகம் இறுகிவிட்டது. "ஒங்கள யாரு வரச் சொன்னா? வீடு எப்புடித் தெரியும்?"

"கலர் சாம்பிள் வெச்சுப் பாக்கணுங்க. இல்லாட்டி திட்டுத் திட்டாத் தெரியும்."

உள்ளேயிருந்து செல்வராசு வந்தார். கையெல்லாம் செம்மண் நிறத்தில் துருத்தூள். "நான் கூப்புடலையே" என்றார். பிறகு என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் உள்ள வாங்க" என்று கதவைச் சாத்தினார். சாத்தியது மட்டுமில்லை, தாழ்ப்பாளும் போட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் தனியாக வந்தது தப்போ என்று நினைத்தேன்.

கொல்லையில் தார்ப்பாய் கட்டி, அதற்குப் பின்னால் கார் நின்றது. இடது பெண்டரைக் கழற்றிச் செங்கல் மேல் வைத்திருந்தார். கொல்லைச் சுவருக்கு மேலே பழைய சேலை ஒன்றையும் மறைப்பாகக் கட்டியிருந்தார்கள்.

நான் அட்டையை எடுக்கவில்லை. பெண்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

சக்கரத்துக்குப் பின்னால் வருகிற கீழ்ப்பகுதி முழுக்க அரித்துக் கிடந்தது. உள்பக்கம் பல வருசத்துச் சேறு இறுகிப்போய் இருந்தது. மழைத்தண்ணீர் அதில் ஊறி, தகட்டை உள்ளேயிருந்து தின்றிருக்கிறது. மேலே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அங்கே கிடந்த ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், அப்பளம் மாதிரி உடைந்து உள்ளே போனது. எந்த இடத்திலும் மடிப்பு இல்லை. பம்பர் முனையில் புதுக் கீறல் இல்லை. இரண்டு ஹெட்லைட் கண்ணாடியும் ஒரே அளவுக்கு மஞ்சளாகியிருந்தன, அதனால் எதையும் மாற்றவும் இல்லை. ஒரு ஆளைத் தட்டியிருந்தால் இந்தத் தகடு தூள் தூளாகியிருக்கும்.

இது அடி இல்லை. வெறும் துரு.

"அப்ப எதுக்கு சார் இம்புட்டு ஒளிச்சு மறைச்சு செய்றீங்க?" கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

பதில் சொன்னது அவர் மனைவிதான். "மெசேஜ் ஒங்களுக்கு வரலையா? பச்சைக் காருன்னு போட்டதும் எங்க வாசல்ல வந்து நின்னுட்டானுங்க. பெண்டர் ஒடஞ்சிருக்குன்னு போட்டோ எடுத்தானுங்க. துருன்னு சொன்னா எவன் கேக்குறான்? ரேசன் கடையில என்னையப் பாத்துட்டு ஒருத்தி காறித் துப்புறா. ஓட்டை தெரிஞ்சாத்தானே பேசுவாங்க, அடைச்சுப் பெயிண்ட் அடிச்சிருங்கன்னு நான்தான் சொன்னேன்."

செல்வராசு எமரி ஷீட்டை எடுத்தார். இன்னும் அரைமணி நேரம் தேய்த்தால் அந்தக் கொப்புளமெல்லாம் போய்விடும். அதற்கப்புறம் பட்டி, அதற்கு மேலே நான் கொண்டுவந்த பச்சை.

"சார், தேய்க்காதீங்க," என்றேன். "இந்தத் துரு ஒண்ணுதான் ஒங்களுக்குச் சாட்சி. அதப் போயி நீங்களே அழிக்கிறீங்களே."

அவர் கை நின்றது. ஆனால் பார்வை மாறிவிட்டது. "நீங்க யாரு? உண்மையச் சொல்லுங்க. கலர் பாக்க வந்தவங்க மாதிரி தெரியலையே."

சொன்னேன். "அடிபட்டது என் கொழுந்தன்."

அந்த அம்மா சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். செல்வராசு என் பையையே பார்த்தார். "உள்ள என்ன வெச்சிருக்கீங்க? போன்ல ரெக்கார்டு பண்றீங்களா?" பையைத் தரையில் கவிழ்த்துக் காட்டினேன். அப்போதும் நம்பவில்லை. நான் அவர்மேல் வைத்திருந்த அதே கண்ணை இப்போது அவர் என்மேல் வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து முன்கதவை யாரோ தட்டினார்கள். தட்டவில்லை, இடித்தார்கள்.

3. பச்சைன்னு யாரு சொன்னா

சத்தியத்தை மறந்து அந்தோணி வந்துவிட்டார். நான் போய்த் தாழ்ப்பாளை எடுத்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனார். கழற்றிய பெண்டரைப் பார்த்ததும் செல்வராசுவின் சட்டையைப் பிடித்தார்.

"இதப் பாரு, ஒடஞ்சு கெடக்கு. கழட்டி மறைக்கிறான்!"

"ஏங்க, கைய எடுங்க. தகட்டத் தொட்டுப் பாருங்க மொதல்ல." அந்தோணியின் ஒரு கையைப் பிடித்து இழுத்து, அரித்த இடத்தில் வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போனது. எடுத்தபோது விரலெல்லாம் சிவப்புத்தூள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையைப் பிடித்திருந்த மற்றக் கை தளர்ந்தது.

கூட வந்தவர்களில் ஒருவர் விடவில்லை. "துரு இருந்தா இடிக்கலன்னு அர்த்தமா? துரு புடிச்ச காரு இடிக்காதாக்கும்?"

அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. பெயிண்ட்காரி சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? "சரி, பெண்டரத் தூக்குங்க. ஸ்டேசனுக்குப் போவோம்" என்றேன். செல்வராசு பயந்துதான் வந்தார். அவர் மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு, எங்கள் யாரையும் நம்பாமல் ஆட்டோவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.

ஸ்டேசனில் எஸ்.ஐ. பெண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "இத எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"அடிச்சது பச்சைக் காருன்னாங்களே சார்..." என்றார் அந்தோணி.

"பச்சைன்னு யாரு சொன்னா? பைக் பின்னாடி கம்பியில ஒட்டியிருக்கிறது நீலப் பெயிண்டு. அன்னைக்கே போட்டோ எடுத்தாச்சு. நாங்க நீல வண்டியத்தானே தேடிக்கிட்டு இருக்கோம்."

சூசையின் பைக் வெளியே மரத்தடியில் சாய்ந்து நின்றது. போய்ப் பார்த்தேன். சேற்றுக்கும் காய்ந்த பாலுக்கும் நடுவில் ஒரு தீற்றல். நீலம்தான். மெட்டாலிக் மினுமினுப்பு இல்லாத சாதா நீலம். என் பையிலிருந்த பச்சை அட்டையை வைத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

செல்வராசு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி அந்தோணியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "இப்ப?"

அந்தோணி ரோட்டைப் பார்த்து நடந்தார்.

அங்கிருந்து நானும் அவரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். சூசை கட்டுப் போட்ட காலைக் கம்பியில் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான்.

"பச்சைன்னு நீதானேடா சொன்ன?" என்றார் அண்ணன்.

சூசை என் பக்கம் திரும்பினான். "நான் எங்க மதினி பாத்தேன்? பின்னாடியிலேர்ந்து அடிச்சது. ஆம்புலன்சுல ஏத்தும்போது ஒருத்தன் குனிஞ்சு, 'பச்சைக் காருதானே, பச்சைக் காருதானே'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். வலி தாங்கல, ஆமான்னுட்டேன்."

"யாருடா அவன்?"

"தெரியலண்ணே. மூஞ்சி ஞாபகம் இல்ல."

அந்தோணியின் முகத்தில் பழையபடி ரத்தம் ஏறியது. "அப்ப அவன்தான் நீல வண்டிக்காரன். இல்லாட்டி எதுக்குப் பச்சைன்னு கேக்குறான்?"

இருக்கலாம். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் பச்சைக் கார் ஒன்று போனதைப் பார்த்த யாரோ நல்லெண்ணத்தில் கேட்டதாகவும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. நீல வண்டி இதுவரை அகப்படவில்லை.

4. வாசலில் வைத்துச் செய்தது

மறுநாள் செல்வராசு கடைக்கு வந்தார். "ஸ்டேசன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆனா ஊர்ல யாரு நம்புறா? இப்பப் பெயிண்ட் அடிச்சா, மறைச்சுட்டான்னுதானே சொல்லுவாங்க?"

"கொல்லையில வெச்சுச் செஞ்சா அப்படித்தான் சொல்லுவாங்க. வண்டியத் தெரு வாசல்ல போடுங்க. எல்லாரும் பாக்கத் துருவ எடுங்க. ஓட்டையத் திறந்து வைங்க, வர்றவன் போறவன் விரல விட்டுப் பாக்கட்டும்."

அப்படியே செய்தார். முதலில் தெருவே தள்ளி நின்று முறைத்ததாம். பிறகு ஒருவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தாராம். அதற்கப்புறம் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அரித்ததை வெட்டி எடுக்கணும் என்று ஒருவர், பட்டியை மெல்லிசாகப் போடணும் என்று ஒருவர். வாசலில் முதல்நாள் போட்டோ எடுத்த பையனே பழைய பெயிண்டை வாட்டர் பேப்பரால் தேய்த்துக் கொடுத்தானாம்.

சேதி கேட்டு அந்தோணி அடுத்த ஞாயிறு கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை, கூடவே போனேன். வெட்டிய இடத்தில் புதுத் தகடு வைத்து ரிவிட் அடிக்கத் திணறிக்கொண்டிருந்தார் செல்வராசு. அந்தோணி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பழக்கமே அவரிடம் கிடையாது. தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "ம், அடிங்க" என்றார். செல்வராசு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடித்தார். அந்த அம்மா காபி கொண்டுவந்தார், எனக்கும் செல்வராசுவுக்கும் மட்டும். அந்தோணிக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். துருவா அடியா என்று பார்க்க வேண்டுமானால் தகட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளேயிருந்து வந்திருந்தால் துரு, வெளியிலிருந்து போயிருந்தால் அடி. தொட்டுப் பார்க்காமல் முடிவு பண்ணாதீர்கள். வண்டியைக் கொண்டுவராமல் டேங்க் மூடி மட்டும் கொண்டுவருகிறவர்மேல் எனக்கு இன்னமும் சந்தேகம் வரத்தான் செய்கிறது. அது வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதை வேறு யாரிடமும் சொல்வதற்கு முன்னால், நான் பஸ் ஏறிப் போய் வண்டியைப் பார்த்துவிடுகிறேன்.