சனிக்கிழமை லீவுக்கு ஆடிய போக்கர்

எண்பத்தைந்தாம் ஆண்டு கோடையில் நான் மேற்கு பெர்லினில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை பெரிய கலியாண விருந்து இருந்தது. ஒருவருக்கு மட்டுமே லீவு தரலாம் என்று ஷெஃப் சொல்லிவிட்டார். முதலாளியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். லீவு கேட்டவர்கள் ஆறு பேர். எங்கள் வாக்குவாதத்தில் களைத்துப்போன அவர், மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையிலுள்ள ஓய்வில் போக்கர் போட்டி வைத்தார். கடைசிவரை நிற்பவருக்கு லீவு.

அந்தச் சனிக்கிழமைதான் என் மனைவியும் மகளும் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் வர இருந்தார்கள். மனைவிக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, ஒரு சொல்லும் தெரியாது. மகளை ஆறு மாதக் குழந்தையாக விட்டு வந்தவன் நான். விஷயம் வெளியே தெரிந்தால் வழியில் பொலிஸார் மறித்துவிடுவார்கள் என்று, அவர்களை அனுப்பிய ஏஜென்ட் எச்சரித்திருந்ததால், ஷெஃப்பிடம் சொந்த அலுவல் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

சூதாடப் போகிறேனே என்று மனம் உறுத்தியது. காசு வைத்து ஆடவில்லைத்தானே என்று தேற்றிக்கொண்டு, முருகனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். நல்ல சீட்டுத் தா என்று கேட்க மட்டும் வெட்கமாக இருந்தது.

முதல் ஆட்டம்

ஆளுக்கு இருபது சிப்ஸ், ஐந்து சீட்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதலில் ஒரு சிப்ஸ் போட வேண்டும். எனக்கு இரண்டு ஜாக், இரண்டு ஒன்பது வந்தன. நாங்கள் ஊரில் ஆடும் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் ஜாக்தான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. இதை வெல்ல ஆளே இல்லை என்று பதினைந்து சிப்ஸைத் தள்ளினேன். சமையல்காரன் ஊவே, ஆஸ் என்னும் ஏஸ் சீட்டு இரண்டும் மூன்றாம் நம்பர் சீட்டு இரண்டும் காட்டினான். நான் வென்றுவிட்டேன் என்றே சிப்ஸை அள்ளப் போனேன். அவன் சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்தான்.

என்னோடு கோப்பை கழுவும் தவம் அண்ணை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் என்ன, முன்னூற்றிநாலோ விளையாடுறீர்? இஞ்சை ஆஸ்தான் ராசா."

மிச்சம் நாலு சிப்ஸ்.

நாலு சிப்ஸோடு

அதை வைத்துக்கொண்டு யாரையும் பயமுறுத்த ஏலாது. சும்மா இருந்தாலும் நாலு ஆட்டத்தில் கரைந்துவிடும். சின்னச் சின்னதாகப் போட்டுப் பார்க்காமல், ஒரு நல்ல கைக்குக் காத்திருக்க முடிவு செய்தேன். இரண்டு ஆட்டம் முதலில் போட்ட ஒரு சிப்ஸோடு சீட்டை மடித்து வைத்து விலகினேன். மூன்றாவதில் மூன்று ராணி வந்தது. இருந்த இரண்டு சிப்ஸும் உள்ளே போய், ஒன்பதாகத் திரும்பின. பிறகும் அப்படித்தான்: மடிப்பேன், மடிப்பேன், ஒருமுறை முழுவதையும் தள்ளுவேன்.

கடைசியில் ஊவேயும் நானும் மட்டும். எனக்கு மூன்று ஏழு. முன்னூற்றிநாலில் ஏழுக்கு ஒரு புள்ளியும் கிடையாது. ஆனாலும் எல்லாவற்றையும் தள்ளினேன். அவனும் தள்ளினான். அவனிடம் இரண்டு சோடிதான் இருந்தது. சிப்ஸ் முழுக்க என் பக்கம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஷெஃப் பயந்துபோய் என்ன விஷயம் என்று கேட்டார். அடக்க முடியாமல் முழுவதையும் சொல்லிவிட்டேன். பிறகு ஊவே மெதுவாகக் கேட்டான்:

"மனுசி வாறா எண்டால் ஏன் முதலே சொல்லேல்லை? நான் சீட்டையே தொட்டிருக்க மாட்டனே."

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை விடியவே போய் ஸ்டேஷனில் நின்றேன். மத்தியானம் தாண்டித்தான் மனைவி படியிறங்கி வந்தாள். மகள் என்னைக் கண்டதும் தாயின் சேலைக்குள் முகத்தை மறைத்தாள். அதுவே எனக்குப் போதும், முருகா என்றேன்.

இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயத்தில் வாயைப் பூட்டாதீர்கள். பக்கத்தில் நின்று வேலை செய்பவனிடம் உங்கள் தேவையைச் சொல்லிப் பாருங்கள்.

திங்கட்கிழமை ஊவே அடுப்படியில் இருந்தபடியே ஒன்று மட்டும் கேட்டான்: "பிள்ளைக்கு என்ன பேர்?"