முதலில் மேலே உள்ள கட்டங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய யாரைக் கேட்டாலும் மார்ஜின் அக்காவைத் தெரியும் என்பார்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், மீதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆய்வேட்டைக் கொடுக்க வருகிறவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்துப் பக்கத்தின் இடது ஓரத்தில் வைப்பார். நாலு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூன்றே முக்கால் என்றால் ஆய்வேடு வந்த வழியே திரும்பிப் போகும்.

"கால் சென்டிமீட்டர்தானே அக்கா?"

"பைண்டிங் பண்ணும்போது அந்தக் கால் சென்டிமீட்டர்லதான் உங்க முதல் எழுத்தெல்லாம் உள்ள போயிடும். நாலு வருஷம் கஷ்டப்பட்டு எழுதியிருக்கீங்க. முழுசா தெரியட்டுமே!"

அக்கா ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் மூத்த எழுத்தர். அவருக்கு எதிர் மேசை என்னுடையது. இரண்டு மேசை, ஓர் உதை விட்டால் மட்டும் திறக்கும் அலமாரி, சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். இதுதான் எங்கள் அறை. நான் அதிகம் பேசமாட்டேன். அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

வாய்மொழித் தேர்வு நாட்களில் அவர் வேறு ஆள். கேள்விகள் முடிந்ததும் ஆய்வு மாணவரை வெளியே அனுப்பிவிட்டு, தேர்வாளர்கள் தங்களுக்குள் கலந்து பேசுவார்கள். அப்போது எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் கூடவே உட்கார்ந்து முடிவுப் படிவத்தை எழுத வேண்டும். பதினாறு வருடங்களாக அது அக்காவின் வேலை. தேதி, நேரம், அறை எண், தேர்வாளர்களின் பெயர், மாணவர் பெயர் என்று படிவத்தின் மேலே உள்ள கட்டங்கள் அனைத்தும் நிரம்பும்வரை உள்ளே ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. "முதல்ல மேல இருக்கிற கட்டம் சார், அப்புறம் அபிப்பிராயம்" என்று பெரிய பேராசிரியர்களையே அடக்கிவிடுவார். சமூகவியல் துறைத் தலைவருக்கு இதில் தீராத மனக்குறை. "நான் சொல்ல வந்ததே மறந்து போகுதும்மா" என்பார். "மறந்து போற அபிப்பிராயம் போகட்டும் சார்" என்பார் அக்கா, பேனாவை நிறுத்தாமல்.

அந்தத் துறைத் தலைவரின் துறையிலேயே அக்காவும் பகுதி நேர ஆய்வு மாணவி என்பது பலருக்குத் தெரியாது. வெளியில் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம். அலுவலகங்களில் வரிசையில் நிற்கும் மக்கள் தங்களுக்குள் என்ன ஒழுங்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. பைக்குப் பதில் செருப்பை வைத்து இடம் பிடித்தால் அது செல்லுமா, தண்ணீர் குடிக்கப் போனவர் எத்தனை நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும், கைக்குழந்தைக்காரிக்கு வழி விடலாம் என்று முதலில் சொல்வது யார்? விடுப்பு எடுத்துக்கொண்டு, நோட்டும் கையுமாக ஊரில் உள்ள வரிசைகளில் எல்லாம் நின்றிருக்கிறார். அவர் கணவர் பஸ் ஓட்டுநர். "எல்லாரும் வரிசையில நின்னா வேலை முடியும். இவ நின்னா அப்பதான் வேலை ஆரம்பிக்கும்" என்று எங்களிடம் ஒரு முறை சொன்னார்.

ஆய்வேடு எழுதும் முன், துறையின் எல்லாப் பாடங்களிலும் எழுத வேண்டிய தகுதித் தேர்வு ஒன்று உண்டு. இரண்டே வாய்ப்பு. அக்கா முதல் முறை தோற்றார். அந்த முடிவைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியவரும் அவரேதான். தன் பெயருக்கு நேரே தானே 'தேர்ச்சி இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, ஈரம் காய ஊதியதாகச் சொல்லிச் சிரிப்பார். இரண்டாம் முறை தேறினார். ஆனால் தேர்ச்சிக்கு ஏழு வருடம்தான் ஆயுள். அதற்குள் வாய்மொழித் தேர்வு முடியாவிட்டால் பதிவு ரத்து, தகுதித் தேர்விலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். ஏழு வருடம் முப்பதாம் தேதி முடிகிறது. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டிய புறத்தேர்வாளருக்கு ஒழிந்த நாள் இருபத்தெட்டாம் தேதி.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அன்று காலையிலேயே அப்பாவுடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"ஏழு வருஷமா ஒரே கிளாஸ்ல இருக்கிற ஆள் எங்க அம்மா மட்டும்தான்" என்றாள் என்னிடம்.

"இன்னைக்கு மேல் கிளாஸ் போயிடுவாங்க" என்றேன்.

"போகலைன்னா அடுத்த வருஷம் காலேஜ்ல எனக்கு ஜூனியரா வருவாங்க. பை தூக்க ஆள் ஆச்சு."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடி" என்றார் அக்கா. கை தானாக மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அது ஏற்கெனவே மூன்று முறை துடைத்த மேசை.

அன்று படிவம் எழுத வேண்டியவள் நான். எனக்கு அது முதல் முறை. பதினொரு மணிக்குத் தொடங்கியது. புறத்தேர்வாளர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மையார், கேள்விகளைச் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"வரிசையில யாரும் உங்களைத் திட்டலையா?"

"திட்டினாங்க மேடம். அது நாலாவது அத்தியாயம்."

அறையே சிரித்தது. ஒன்றரை மணி நேரம் அக்கா தடுமாறவில்லை. கடைசியில் குழுவுக்குத் தலைமை வகித்த சமூகவியல் துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, வழக்கமான குரலில், "சரி, கலந்து பேசலாம்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா எழுந்தார். காலித் தண்ணீர் டம்ளர்களை ஓரமாக நகர்த்தினார். நேராக என்னிடம் வந்து, என் கையிலிருந்த படிவத்தை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துபிடித்தார்.

"கொஞ்சம் வெளியே இருங்கம்மா. கூப்பிடுவோம்."

மூன்று வருடமாக என்னை 'நீ, வா, போ' என்று கூப்பிடுகிறவர். அந்த மரியாதையைக் கேட்டதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னால் செய்வது என் பழக்கம். வெளியே வந்துவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது.

வராந்தா பெஞ்சில் இருந்த அப்பாவும் மகளும் எழுந்தார்கள்.

"அம்மா எங்க?"

"உள்ள."

"அப்ப நீங்க ஏன் வெளிய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலந்து பேசும்போது மாணவர் உள்ளே இருந்தால் தேர்வு செல்லாது. பதினைந்து நாள் முன்னறிவிப்புடன் மறுபடி நடத்த வேண்டும். பதினாலாம் விதி. என்னிடம் அதை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னவர் உள்ளே இருக்கிறார். முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள் இருக்கிறது.

கதவைத் தட்டக் கை ஓங்கினேன். அதற்குள் அதுவே திறந்தது. படிவத்தை நெஞ்சோடு அணைத்தபடி அக்கா வெளியே வந்து விழாத குறை.

உள்ளே நடந்ததைத் துறைத் தலைவர் பிறகு எல்லோரிடமும் நடித்தே காட்டினார். அக்கா அவருடைய வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாராம். தேர்வாளர்கள் நால்வரும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டார்களாம். தேதி, நேரம், அறை எண் எழுதினாராம். தேர்வாளர்கள் பெயரை எழுதினாராம். பிறகு நிமிர்ந்து, "மாணவர் பெயர் என்ன சார்?" என்று கேட்டாராம்.

"எனக்கும் டக்குனு வரலை. யோசிச்சேன்!" என்று சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிடும்.

ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவரே கதவுவரை வந்து, "விதி என்னம்மா சொல்லுது?" என்று கேட்டார். விதிகளை முழுதாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். அவரிடமே கேட்க வேண்டியதாயிற்று. ஒன்றும் இல்லை சார் என்று அக்கா சொல்லியிருந்தால் யாரும் புத்தகத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

"பதினாலாவது விதி சார். மாணவர் இருக்கும்போது தேர்வாளர் யாராவது அபிப்பிராயம் சொல்லியிருந்தா தேர்வு செல்லாது" என்றார் அக்கா. முகம் வெளிறிப்போயிருந்தது. "என் தப்புதான். என் கேஸ்னு பாக்காதீங்க."

கணவர் பெஞ்சில் இருந்த மனைவியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

புறத்தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"யார் அபிப்பிராயம் சொன்னது? நானா?"

படிவத்தை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்தார்.

"நான் ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். 'முதல்ல மேல இருக்கிற கட்டம் மேடம்'னு என்னை அடக்கிட்டாங்க. இதோ பாருங்க, மாணவர் பெயர்க் கட்டம் இன்னும் காலி. யாருமே ஒரு வார்த்தை சொல்லலையே!"

துறைத் தலைவர் படிவத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பதினாறு வருட மனக்குறை அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கிப்போனது.

"அப்ப கலந்து பேசவே ஆரம்பிக்கலை. சரிதானேம்மா?"

அக்கா உதட்டை அசைத்து, விதியை மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். "சரிதான் சார். ஆனா அந்தப் படிவத்தை ரத்து பண்ணி, நடந்ததைக் குறிப்பா எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, புதுப் படிவம் எடுக்கணும். என் ரெண்டாவது இழுப்பறையில இருக்கு."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். இந்த முறை மாணவர் பெயரை நான் யாரையும் கேட்காமலே எழுதினேன். பதினைந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றேன். நால்வரும் எழுந்து நின்றார்கள்.

"வாழ்த்துகள், முனைவர் அவர்களே!" என்றார் துறைத் தலைவர். "ஒரே ஒரு திருத்தம் இருக்கு. பக்கம் நூத்துப் பதினேழு, வரைபடம். இடது ஓரம் மூன்றரை சென்டிமீட்டர். உங்க அளவுகோலாலதான் அளந்தேன்."

படிவம் எடுக்கப் போனபோது அளவுகோலையும் கொண்டுவரச் சொன்னவர் அவர்தான். அவருடைய மாணவர்கள் எத்தனை பேர் அதனிடம் தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அம்மாவுக்கே மார்ஜினா!" என்று மகள் வராந்தாவில் குதித்தாள். ஓட்டுநர் இன்னும் பையை இறக்கவில்லை. "இனிமே வரிசையில நிக்க வேண்டாமே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை அக்கா திருத்திய பக்கத்தோடு ஆய்வேட்டை என் மேசையில் வைத்தார். தன்னுடையதைத் தானே சரிபார்க்க விதியில் இடம் இல்லை. அளவுகோலையும் என் பக்கம் தள்ளிவிட்டு, என் எதிரில் மாணவர்கள் உட்காரும் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நூற்றுப் பதினேழாம் பக்கத்தை அளந்தேன். சரியாக நாலு. முத்திரையை எடுக்கப் போனேன்.

"அவ்வளவுதானா?" என்றார். "மத்த பக்கமெல்லாம் யார் பார்ப்பா? முதல் பக்கத்துல இருந்து வாம்மா."

இருநூற்று நாற்பது பக்கம். அளவுகோலை மறுபடியும் எடுத்தேன்.