முந்திப்போன அரை மணி

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தார் கனகசபை. யாழ்ப்பாணத்து மனுசர். ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு தொலைநோக்கியை வாங்கி, நான்கு வருடமாக ஒரே ஒரு நீல நட்சத்திரத்தைப் பார்த்தார். இவருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காதவர் தோட்டத்தில் இல்லை!

அது முதிர்ந்த நட்சத்திரம். மேல்தோலெல்லாம் இழந்து கொதிப்பது. மூன்றரை மணிக்கு ஒரு தடவை சில நிமிடம் மங்கும். கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதைச் சுற்றுகிறது, குறுக்கே வந்து மறைக்கிறது என்பது அவர் கட்சி. மங்கும் நேரம் பிசகாமல் வந்தால்தான் துணை உண்டு. முற்றத்திலிருந்து "இப்ப!" என்பார். உள்ளே மனைவி லீலாதேவி கடிகாரம் பார்த்து எழுதுவாள்.

1957 மாசியில் லீலாதேவி காய்ச்சலில் போய்விட்டாள். கனகசபை அழவில்லை. எட்டாம் நாளே கந்தோர் வேலைக்குப் போனார். சோறு வைத்தால் தின்றார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. இப்படியும் ஒரு மரக்கட்டை மனுசர்! கடிகாரத்தை முற்றத்துக்குத் தூக்கிவந்து நேரத்தைத் தானே குறித்தார்.

சித்திரையில் வெளிநாட்டு வானாய்வுக்கூடம் ஒன்று அவருடைய குறிப்புகளைக் கேட்டு எழுதியது. எடுத்துப் பார்த்தார். மாசி வரை அச்சுப் பிசகாத நேரம். அதற்குப் பின் எல்லாமே அரை மணி பிந்தி இருந்தன. துணை இருந்தால் இப்படிப் பிசகாது. 'நான் கண்டது பிழை, துணை ஏதும் இல்லை' என்று கடிதம் எழுதி உறையை ஒட்டினார். வருத்தம்கூட வரவில்லை.

வீட்டு வேலை செய்யும் ரெங்கம்மா கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பெல்லாம் மணிய யாரும் திருப்புறதில்லைங்களா ஐயா?"

"என்னத்தைத் திருப்புறது?"

"தோட்டத்து மணி அரை மணி முந்தியில்ல ஓடுது? ஆளுங்க வெள்ளன வந்து பெரட்டுல பேர் குடுக்கணும்னு துரை வச்சதுதானே. நீங்க நச்சத்திரம் பார்க்கப் போனதும், அம்மா ரேடியோவக் கேட்டு இந்தக் கடிகாரத்தப் பின்னால திருப்பி வைப்பாங்க. படுக்கப் போறப்ப மறுபடி முன்னால தள்ளிருவாங்க. காலையில நீங்க பெரட்டுக்குப் பிந்திடக் கூடாதில்ல."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே அவ."

"இதுல சொல்ல என்னாங்கய்யா இருக்கு."

பன்னிரண்டு வருடம் தோட்ட மணியிலேயே எழும்பிப் படுத்தவருக்கு, ஊர் மணி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. உறையைக் கிழித்தார். மாசிக்குப் பிந்திய ஒவ்வொரு நேரத்திலும் அரை மணியைக் கழித்தார். எல்லாம் வந்து பொருந்தின.

"இருக்குது, ரெங்கம்மா. துணை இருக்குது," என்றவர், மேசையில் தலையைப் போட்டு ஏங்கி ஏங்கி அழுதார். தபால் எடுக்க வந்த ஆள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.