வாடிப் படிவத்துக்கு நான் இட்ட சட்டம்

இணையத்தில் போகும் ஒவ்வொரு கோப்பின் கழுத்திலும் ஒரு சின்னச் சீட்டு தொங்கும்: நான் இன்ன வகை. நடுவில் ஒரு சாய்கோடு. முன்னால் பொது இனம், பின்னால் சொந்தப் பெயர். எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழியில் எழுதிய படிவத்தின் சீட்டு ‘டெக்ஸ்ட்’ என்று தொடங்க வேண்டுமா, ‘அப்ளிகேஷன்’ என்றா? இதற்காக முகம் தெரியாத பல நாட்டுக்காரரோடு ஒரு மின்னஞ்சல் குழுவில் மூன்று வாரம் சண்டை பிடித்தேன். கல்யாணம் பேசும்போதுகூட நான் இவ்வளவு தீவிரமாக இருந்ததில்லை. டெக்ஸ்ட் என்றால் மனிதர் வாசிக்க, அப்ளிகேஷன் என்றால் கணினி வாசிக்க. என் கட்சி அப்ளிகேஷன்: படிவத்தை வாசிப்பது மனிதரல்ல, கணினி.

யுத்தம் முடிந்த பிறகு இலங்கையின் மேற்குக் கரையில், கற்பிட்டியில் ஒரு மீனவர் சங்கத்தின் கணினி வேலை என் கையில் இருந்தது. பருவத்துக்குச் சிலாபப் பக்கமிருந்து வந்து கருவாடு போடுகிறவர்கள், கரையில் வாடி, அதாவது பருவம் முடியும்வரை தங்கும் குடிசை, அடிக்க இடம் கேட்டு போனிலேயே படிவம் அனுப்புவார்கள். முந்தி வந்தவருக்கு முந்தி இடம்.

மின்னஞ்சல் குழுவில் ஒருவரும் மசியவில்லை. அந்தக் கோபத்தில் சங்கத்துக் கணினியில் என் கட்சியைச் சட்டமாக்கினேன். டெக்ஸ்ட் என்று வரும் படிவம் இனி உள்ளே வராது.

பக்கத்து மேசை எழுதுவினைஞர் பெண் எட்டிப் பார்த்தார். அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்.

“ரெண்டையும் எடுத்தா என்ன நானா? சீட்டப் பாத்தா கருவாடு காயுது?”

“இதெல்லாம் கொள்கை தங்கச்சி.”

பழைய போன்களில் கிடந்த படிவம் பழைய டெக்ஸ்ட் சீட்டோடுதான் வந்தது. என் சட்டம் அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது.

வருஷா வருஷம் கிணற்றடியில் வாடி போடும் அக்கா ஒருவர், இடம் பிரித்து முடிந்த பிறகு வந்து நின்றார். மிச்சமிருந்தது கரையின் கடைசி. கிணற்றுத் தண்ணீருக்கு அரைமணி நடை.

“முதல் நாளே அனுப்பினனே தம்பி. எண்ட கையில ஏதும் பிழையா?”

பதிவைத் திறந்தேன். முதல் நாள், முதல் படிவம், அவருடையது. திருப்பியது நான்.

“போன் பழசு அக்கா” என்றேன்.

எழுதுவினைஞர் பெண் என்னைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

அன்றே இரண்டு சீட்டுக்கும் வழி திறந்துவிட்டேன். கிணற்றடியில் வேறு ஆள் வாடி அடித்தாயிற்று. அடுத்த கிழமை அக்கா புதுப் போனோடு வந்தார். சோதிக்க ஒரு படிவம் அனுப்பினோம், போய்ச் சேர்ந்தது.

“பாத்தீங்களா, போன்தான் பிழை!” அவருக்குப் பெரிய நிம்மதி.

“ஓம் அக்கா.”

பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக, நல்ல கருவாடாகப் பார்த்துச் சுற்றி, மேசையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் பொரித்துத் தந்தார்கள். தின்றேன். நல்ல ருசி. அதைச் சொல்லத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.